சின்ன ஸ்டெப்னி டயருக்கு அமெரிக்கால தனி ரூல் இருக்கா?

இருக்குங்க, எஃப்எம்விஎஸ்எஸ் 109-னு, வண்டிப் பாதுகாப்புக்கான ஃபெடரல் ஸ்டாண்டர்ட். டயர் சைடுல பாருங்க, T125/70D15 மாதிரி போட்டிருக்கும், அந்த T-ன்னா டெம்பரரி. பக்கத்துலயே 60 பிஎஸ்ஐ காத்து அடிக்கச் சொல்லி அரை இஞ்ச் உயர எழுத்துல இருக்கணும்னு அந்த ரூல்லயே இருக்கு, ஏன்னா சாதா டயருக்கு 32, 35 தானே, அதே பழக்கத்துல இதுக்கும் அடிச்சா ஒல்லி டயர் வண்டி வெயிட்டத் தாங்காம நசுங்கி சூடாயிடும். ஸ்பீடு 50 மைலுக்கு மேல வேண்டாம். எங்க வண்டியில மாட்டலாம்னு எடுத்துப் பாத்தப்போ 18 பிஎஸ்ஐ தான் இருந்துச்சு, நெஞ்சு பதறிடுச்சு. தயவுசெஞ்சு மாசம் ஒருதடவ டிக்கிய தொறந்து கேஜ் வச்சுப் பாருங்க.