பாண்டூன் படகு: இரண்டு பேட்டரியும் ஒன்றாக இறங்கினால்

பாண்டூன் படகில் (மிதவைகள் மேல் தட்டையான தளம் கொண்ட படகு) ஏரி நடுவில் பாட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை, எந்த பேட்டரி ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் புது சுவிட்ச் (1, 2, ‘போத்’ அதாவது இரண்டும், ‘ஆஃப்’) போட்டும் இரண்டு பேட்டரியும் இறங்கிவிட்டன என்கிறீர்கள். சுவிட்ச் ‘போத்’திலேயே இருந்திருக்கும். அப்படி விட்டால் இரண்டும் ஒரே பேட்டரி மாதிரிதான்.

நங்கூரம் போட்டதும் சுவிட்சை 2-க்கு, அதாவது இரண்டாவது பேட்டரிக்கு மாற்றுங்கள். பாட்டு, விளக்கெல்லாம் அதில் ஓடட்டும். 1 ஸ்டார்ட்டுக்கு மட்டும். இன்ஜின் ஓடும்போது தவறிக்கூட ‘ஆஃப்’ பக்கம் திருப்பாதீர்கள், இன்ஜின் தரும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபயர் கருகிவிடலாம். அப்புறம், இரண்டு நெகட்டிவ் முனைகளையும் தடித்த கேபிளால் இணைத்தீர்களா? பலர் விடுவது அதைத்தான்.

ஒவ்வொரு முறையும் திருப்புவது மறந்துபோகும் என்றால் வோல்டேஜ் சென்சிங் ரிலே ஒன்று போடுங்கள். சார்ஜ் ஏறி சுமார் 13.3 வோல்ட் வந்ததும் அதுவே இரண்டையும் இணைக்கும், இன்ஜின் நின்று வோல்டேஜ் இறங்கியதும் பிரித்துவிடும். என் ஓட்டு அதற்குத்தான்.