வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது. கணவர் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் பெயரில் இருக்கும் வீட்டில் தனியாக வசிக்கிறேன். கடன் எதுவும் இல்லை. மகன், மருமகள், 6 வயதுப் பேரன் மூவரும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். 27 வயது மகள் வேலை பார்க்கும் ஊரில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். “வீட்டை விற்றுவிடலாம், மீதிக்கு நான் கடன் வாங்குகிறேன், பெரிய வீடாக வாங்கி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், செலவும் மிச்சம்” என்கிறான் மகன். நல்ல பிள்ளைதான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, மகனோடு போய் இருங்கள். வீட்டை மட்டும் இப்போது விற்காதீர்கள். சேர்ந்து வாழ்வது ஒரு முடிவு; சொத்தைச் சேர்ப்பது வேறொரு முடிவு. முதலாவது சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதை மாற்றுவது மிகக் கடினம்.

செலவு மிச்சம் என்று மகன் சொல்வது உண்மை. எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். வேறு வேறு அளவுள்ள குடும்பங்களின் தேவையை ஒப்பிட ஐரோப்பியப் புள்ளியியல் துறையினர் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள். வீட்டின் முதல் பெரியவருக்கு 1, கூடுதலாக உள்ள ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 14 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 0.3. வாடகை, குளிர்பதனப் பெட்டி, விளக்கு எல்லாம் பொதுவாகிவிடுவதால், ஆள் கூடும் அளவுக்குச் செலவு கூடுவதில்லை. இதன்படி இப்போது உங்களுக்கு 1, மகன் வீட்டுக்கு 1.8, ஆக 2.8. ஒன்றாக இருந்தால் 2.3. ஏறக்குறைய 18 சதவீதம் மிச்சம். ஆண்டுக்கு இரண்டு மாதச் செலவு குறைகிறது என்றால் அது நல்ல தொகைதான். ஆனால் இந்த மிச்சம் சேர்ந்து வசிப்பதால் வருவது. வீட்டை விற்காமலேயே இது கிடைக்கும்.

எனவே உங்கள் வீட்டை வாடகைக்கு விடுங்கள். மகன் குடும்பத்தோடு, தேவைப்பட்டால் சற்றுப் பெரிய வாடகை வீட்டில், ஓராண்டு இருந்து பாருங்கள். மாதச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக உங்கள் பங்கைக் கொடுங்கள். மேற்சொன்ன கணக்கில் 2.3-இல் உங்கள் 0.5 அதுதான். பேரனைப் பள்ளி விட்டதும் அழைத்து வந்து மாலை முழுதும் பார்த்துக்கொள்ளப் போகிறவர் நீங்கள் என்றால், அந்த வேலைக்கு வெளியாளுக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று மகனும் மருமகளும் கணக்குப் பார்க்கட்டும்; உங்கள் பங்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையிடம் கணக்கா என்று கூச்சப்படாதீர்கள். கணக்குப் பேசாத வீடுகளில்தான் மனக்கசப்பு மெல்ல மெல்லச் சேர்வதை நான் அதிகம் பார்க்கிறேன்.

அந்த அளவுகோலில் இல்லாத ஒன்று உண்டு. அது தலைகளையும் வயதையும் மட்டும் எண்ணுகிறது, உடல்நிலையை எண்ணுவதில்லை. 62 வயதில் நீங்கள் அந்த வீட்டுக்கு உதவி செய்கிறவர். 82 வயதில் உதவி தேவைப்படுகிறவராக இருக்கலாம். அப்போது உங்கள் கையில் பணம் இருக்க வேண்டும். விற்ற பணம் முழுவதும் புது வீட்டுச் சுவருக்குள் போய்விட்டால், உங்களிடம் இருப்பது ஓர் அறை மட்டுமே. அந்த அறையைக் கொண்டுபோய் மருத்துவமனையில் கட்ட முடியாது. மகனுக்கு வேலை போனாலும், அவருக்கும் மருமகளுக்கும் பிரிவு வந்தாலும், கடன் கொடுத்த வங்கி முதலில் கைவைப்பது நீங்கள் உறங்கும் வீட்டின்மீதுதான். இதில் உங்கள் மகனின் குணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகளுக்கும் வேலை போகிறது.

ஓராண்டு கழித்து எல்லோருக்கும் பிடித்துப்போய், சேர்ந்தே வாங்கலாம் என்று தோன்றினால் வாங்குங்கள். ஆனால் நீங்கள் போடும் பணத்தின் விகிதப்படி பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கடனில் கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதீர்கள். மகனின் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத ஆயுள் காப்பீடு இருக்கட்டும். யாராவது வெளியேற நேர்ந்தால் உங்கள் பங்கு எப்படி மதிப்பிடப்படும், எத்தனை மாதங்களில் திருப்பித் தரப்படும் என்பதை வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வீடு விற்ற பணத்தில் ஒரு பகுதியை, பல ஆண்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் தாங்கும் அளவுக்கு, உங்கள் பெயரிலேயே தனியாக வையுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது, படியேறாமல் போகக்கூடிய படுக்கையறையும் அதையொட்டிக் குளியலறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது பிற்காலத்தில் பெரும் செலவைத் தடுக்கும்.

உங்கள் கடிதத்தில் மகள் ஒரே ஒரு வரியில் வருகிறார். அவரையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 27 வயதில் தனியே இருப்பவர் என்றைக்கும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. கொரோனா பரவிய 2020 ஜூலையில், அமெரிக்காவில் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோருடன் வசித்ததாக பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. வேலையோ உடல்நலமோ தடுமாறும்போது பிள்ளைகள் திரும்பி வரும் இடம் அம்மாவின் வீடு. நாளை அது அண்ணன் பெயரிலும் இருக்கிற வீடு என்றால், அவர் தயங்காமல் வர முடியுமா? உங்கள் காலத்துக்குப் பின் அவருடைய பங்கு என்ன? உயிலில் இதை எழுதுங்கள். விற்பதற்கு முன்பணம் வாங்கும் முன்பே மகன், மகள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.