மிளகாய் இருக்கட்டும், முதலில் வாத்தைக் குட்டையிலிருந்து ஏற்றுங்கள்

கேள்வி: வியட்நாமில் பியன் ஹோவா விமானத் தளத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மிளகாய், கீரை போட்டிருக்கிறேன். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருள்கிறது. போரில் அமெரிக்கர்கள் அடித்த களைக்கொல்லி மண்ணில் இன்னும் இருக்கிறதாம். அதை முறிக்கும் நுண்ணுயிர்க் கரைசல் என்று ஒரு கடையில் தருகிறார்கள், வாங்கலாமா? குட்டை வண்டலை அள்ளிப் போட்டால் மண் தேறுமா? குட்டையில் இருபது வாத்தும் விட்டிருக்கிறேன்.

பதில்: இலை மேலே சுருண்டால் இலைப்பேன், கீழே கவிழ்ந்தால் சிலந்திப்பேன். கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், பொடிசு பொடிசாக ஓடும். நீல ஒட்டு அட்டை கட்டுங்கள். வேப்பங்கொட்டை கிடைத்தால் 5 சதவீதச் சாறு அடியுங்கள். போருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கர்கள் அடித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் இருந்த 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு மருந்துகளும் எப்போதோ மக்கிப் போயின. மக்காதது, 2,4,5-டி தயாரிப்பில் கலந்துவிட்ட டயாக்சின் என்ற நஞ்சு. அது இலையைச் சுருட்டாது. செடி தளதளவென்றுதான் நிற்கும்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய வாத்துதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. டயாக்சின் தண்ணீரில் கரையாது, சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். வாத்தோ நாளெல்லாம் சேற்றைத்தான் அலகால் அரிக்கிறது. உள்ளே போனது கொழுப்பில் தங்கும், முட்டையில் மஞ்சள் கருவுக்கு வரும். வேகவைத்தாலும் போகாது. அந்தத் தளத்தில்தான் பீப்பாய் பீப்பாயாக அந்தக் களைக்கொல்லியை வைத்திருந்தார்கள். 1970 வாக்கில் ஆயிரக்கணக்கான லிட்டர் ஒழுகியும் இருக்கிறது. தளத்துப் பக்கமிருந்து மழைத்தண்ணீர் உங்கள் குட்டைக்கு வருகிறதா? அதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

வண்டலுக்கு வருகிறேன். உர மூட்டைக்குக் கொடுக்கிற காசை டிராக்டர் வாடகைக்குக் கொடுத்து ஏரி வண்டல் அடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன் நான். நானே சொல்கிறேன், அந்தக் குட்டையில் மண்வெட்டி படக்கூடாது. வழிந்து வந்த நஞ்சு அடிச்சேற்றில் அடங்கிக் கிடக்கலாம். அதை அள்ளி வயலெல்லாம் விரித்துவிட்டு அப்புறம் எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? தொழுஉரம் வெளியிலிருந்து வாங்குங்கள். பெரும்பாலான பயிர்கள் இந்த நஞ்சை வேரால் அதிகம் இழுப்பதில்லை. கீரையில் மண் தெறிக்காமல் வைக்கோல் மூடாக்குப் போட்டு, நன்றாக அலசினால் போதும். பூசணி வகைகள் இழுக்கும், அவற்றைப் போடாதீர்கள்.

கரைசலா? வியட்நாமில் இதேபோல் கெட்டுப்போன தா நாங் விமானத் தளத்தில் மண்ணைத் தோண்டிக் குவித்து, 300 டிகிரிக்கு மேல் சூடேற்றித்தான் இந்த நஞ்சை எடுத்தார்கள். 2012இல் ஆரம்பித்து 2018இல்தான் முடிந்தது. ஒரு பாட்டிலில் முடிகிற வேலையென்றால் அவ்வளவு கரண்ட்டை எதற்குச் செலவழித்தார்கள்? அந்தக் கடைக்காரர் விற்பது உங்கள் பயத்தை.

முட்டையை இன்றே நிறுத்துங்கள். வாத்தைச் சந்தையில் தள்ளிவிடவும் நினைக்காதீர்கள், வாங்குகிறவரும் சாப்பிடத்தான் போகிறார். மீனும் பிடிக்க வேண்டாம். இனி கோழியோ வாத்தோ வளர்த்தால் தரையில் கால் படாத பரண் கொட்டில், விலைக்கு வாங்கிய தீவனம். மேய்ச்சல் கோழிக்காக மேடை மேடையாகப் பேசிய என் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிசோதனை செலவு பிடிக்கும், சாதாரண மண் ஆய்வகத்தில் ஆகாது. பணம் இருந்தால் மண்ணைக் கொடுக்காதீர்கள், முட்டையைக் கொடுங்கள்.