கச்சையா, வெறும் அலங்காரமா?

கேள்வி: இரவு விருந்துக்குக் கறுப்புக் கோட்டு அணியும் ஆண்கள் சிலர் இடுப்பில் மடிப்பு மடிப்பாக ஒரு பட்டுப் பட்டையைச் சுற்றிக்கொள்கிறார்கள். பெல்ட் இருக்கும்போது அது எதற்கு? மடிப்புகள் மேல்நோக்கியே இருக்க வேண்டுமாமே?

பதில்: கமர்பண்ட் என்னும் அந்தப் பட்டையின் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. 'கமர்' என்றால் இடை, 'பந்த்' என்றால் கட்டு. ஆகவே நம் இடைக்கச்சைதான் அது. சண்டைக்கு ஆயத்தமாவதைக் 'கச்சை கட்டுதல்' என்கிறோமே, அந்த வழக்குக்குள்ளேயே அதன் பழைய வேலை ஒளிந்திருக்கிறது. பையில்லாத தளர்ந்த அங்கியை இடையோடு இறுக்கிப் பிடிக்கவும், குத்துவாளைச் செருகவும், பணத்தை முடிந்துகொள்ளவும் பயன்பட்ட துணி அது.

முகலாய அரசவையில் இதைப் பட்கா என்றார்கள். நடுப்பகுதியைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டு, முன்புறம் தொங்கும் இரு தலைப்புகளில் மட்டும் பூச்செடிகளை வரிசையாக நெய்தார்கள். சுற்றி மறையும் இடத்தில் வேலைப்பாட்டை வீணாக்காத அந்த நெசவாளரின் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அரசர் அளிக்கும் மரியாதை உடைகளிலும் பட்கா இடம்பெற்றதால், அதை அணிந்தவரின் தகுதியையும் அது சொல்லிற்று. 18ஆம் நூற்றாண்டின் போலந்துப் பிரபுக்களோ இன்னும் சாமர்த்தியசாலிகள். ஸ்லுட்ஸ்க் நகரில் நெய்யப்பட்ட அவர்களுடைய நீண்ட கச்சைகளில் ஒவ்வொரு பக்கமும் நீளவாக்கில் இரு நிறமாக இருக்கும். மடித்துக் கட்டும் விதத்தை மாற்றினால், ஒரே கச்சை நான்காகத் தோற்றம் தரும்.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள், 19ஆம் நூற்றாண்டில், வெயிலுக்கு ஒவ்வாத உள்கோட்டை விட்டுவிட்டு, விருந்து உடையுடன் இந்தக் கச்சையைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் இது மேலை நாட்டு இரவு உடையில் சேர்ந்தது. சட்டையும் கால்சட்டையும் சேரும் இடத்தை மறைப்பதுதான் இன்று இதற்கு மிஞ்சியிருக்கும் வேலை. சுற்றிக் கட்டும் சிரமமும் போய், முதுகுப்புறம் கொக்கி மாட்டினால் போதும் என்றாகிவிட்டது.

மடிப்புகள் மேல்நோக்கி இருப்பதே மரபு. நாடகச் சீட்டைச் செருகுவதற்காக அப்படி வைத்தார்கள் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் எனக்கு நம்பிக்கையில்லை. பெல்ட்டைப் பொறுத்தவரை, இரண்டையும் சேர்த்து அணியக் கூடாது. அடியில் கொக்கி புடைத்துக்கொண்டு தெரியும். கால்சட்டையைத் தோள்வார் தாங்கிக்கொள்ளும். உள்கோட்டு அணிந்தால் கச்சை தேவையில்லை. இருபுறமும் மேலேறி மூடும் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டுக்கும் அது வேண்டாம்.