ஐந்து இரவு லண்டன்: கடன் எடுப்பதா, காத்திருப்பதா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, உயர்நிலை 1 படிக்கும் மகள், தொடக்கநிலை 3 படிக்கும் மகன், 68 வயது அம்மா என ஐந்து பேர். அம்மா மட்டும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. இந்த டிசம்பரில் கிறிஸ்துமசை ஒட்டி ஐந்து இரவு லண்டன் போக ஆசை. அதிலேயே ஒரு நாள் பாரிசும் பார்த்துவிடலாம் என்கிறார் மனைவி. பயணத்துக்கென்று 8,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் 15,000 வெள்ளி இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 5,000 வெள்ளி ஆகிறது. மூன்று ஆண்டுத் தவணையில், 3.5 விழுக்காடு வட்டிக்கு 7,000 வெள்ளி தருவதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கடன் எடுக்கலாமா, பத்திரத்தில் கை வைக்கலாமா? பார்க்க நினைக்கும் 14 இடங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போக நினைத்தீர்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தியில் வந்த 3.5 விழுக்காடு முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டும் போடப்படும் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டினாலும் வட்டி குறையாது. 7,000 வெள்ளிக்கு வட்டி 735 வெள்ளி, மாதத் தவணை ஏறக்குறைய 215 வெள்ளி. குறையும் அசலை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 6.6 விழுக்காடு. நடைமுறைக் கட்டணம் ஏதாவது இருந்தால் இன்னும் ஏறும். கடைசித் தவணை கட்டும்போது உங்கள் மகள் உயர்நிலை 4 முடித்திருப்பாள். ஐந்து இரவுக்காக இது வேண்டாம்.

பத்திரத்தை விற்பது எளிதுதான். இந்த மாதம் விண்ணப்பித்தால் அடுத்த மாதத்தின் இரண்டாவது வேலை நாளுக்குள் பணம் வந்துவிடும், கட்டணம் 2 வெள்ளிதான், அதுவரை சேர்ந்த வட்டியும் கிடைக்கும். ஆனால் உங்கள் மாதச் செலவை வைத்துப் பார்த்தால் அந்த 15,000 சரியாக மூன்று மாதத்துக்குத்தான் தாங்கும். வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ கைகொடுக்க வேண்டிய பணம் அது. அதைத் தொடாதீர்கள்.

அப்படியானால் லண்டன் இல்லையா? உண்டு. ஆனால் வெள்ளியை எண்ணும் முன் மணியை எண்ணுங்கள். உங்கள் திட்டத்தில் பெரிய பற்றாக்குறை அங்கேதான்.

டிசம்பர் கடைசியில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 25ஆம் தேதி சுரங்க ரயில், பேருந்து எதுவுமே ஓடாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நேஷனல் கேலரி போன்றவை 24 முதல் 26 வரை மூடியிருக்கும். நீங்கள் சொல்லும் ஐந்து இரவில் மூன்று நாள் இப்படியே போய்விடும். அதே நேரத்தில் விமானக் கட்டணம் ஆண்டிலேயே உச்சத்தில் நிற்கும். ஆளுக்கு 2,000 வெள்ளி என்று வைத்தாலும் ஐந்து பேருக்கு 10,000. உங்கள் சேமிப்பு டிக்கெட்டுக்கே போதாது.

அடுத்த ஆண்டு செப்டம்பர் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள். ஒரு வாரம்தான், ஆனால் அது போதும். அங்கே பள்ளிகள் திறந்திருக்கும் நேரம், வெயில் மாலை ஏழரை மணிவரை இருக்கும். வெள்ளி இரவு சாங்கியில் ஏறினால் சனி காலை லண்டன். அடுத்த வியாழன் இரவு கிளம்பினால் வெள்ளி மாலை வீடு. பயண நேரம் ஒரு வழிக்குப் பதினான்கு மணி நேரத்தை ஒட்டி வரும். ஐந்து நாள் விடுப்பு எடுத்தால் சரி, சனியும் ஞாயிறும் தூங்கி எழலாம். மகளுக்கும் மகனுக்கும் ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும் நேரம் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மணிக்கணக்கு. சனிக்கிழமை விடியற்காலை இறங்குவீர்கள், ஹோட்டல் அறை பிற்பகல்தான் கிடைக்கும். பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு தேம்ஸ் ஆற்றோரம் நடப்பதைத் தவிர அன்று எதையும் திட்டமிடாதீர்கள். செப்டம்பரில் லண்டன் நம்மைவிட ஏழு மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே விடியற்காலை 4 மணி என்றால் நம் உடம்புக்கு முற்பகல் 11. எல்லோரும் இருட்டிலேயே விழித்துக்கொள்வீர்கள், மாலை 6 மணிக்குச் சாப்பாட்டு மேசையிலேயே பையன் தூங்கிவிடுவான். வியாழன் பாதி நாள் மூட்டை கட்டுவதில் போகும். ஆக, முழு நாள் என்று கையில் இருப்பது நான்கு. 68 வயது அம்மாவோடு ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். அதற்கு மேல் போட்டால் காசு கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டு வீணாகும்.

எனவே பாரிசை எடுத்துவிடுங்கள். ரயில் பயணம் இரண்டேகால் மணி நேரம்தான் என்றாலும் அதற்கு முன் நிலையத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். பிரான்சுக்குள் நுழைய அம்மாவுக்குத் தனியாக ஷெங்கன் விசா எடுக்க வேண்டும், அதற்கு மட்டும் 90 யூரோ. உங்கள் மனைவியின் ஆசை எனக்குப் புரிகிறது. அது இன்னொரு பயணமாகட்டும்.

பட்டியலிலிருந்து ‘லண்டன் ஐ’ ராட்சதச் சக்கரத்தையும் நீக்கிவிட்டேன். அதன் உயரம் 135 மீட்டர், நம் சிங்கப்பூர் ஃபிளையர் 165 மீட்டர். ஐந்து பேருக்கு நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து, இங்கே இருப்பதைவிடச் சின்னச் சக்கரத்தில் ஏன் ஏற வேண்டும்? மேலேயிருந்து நகரைப் பார்க்க வேண்டுமானால் உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் ஸ்கை கார்டன் இருக்கிறது. அனுமதி இலவசம், முன்பதிவு செய்தால் போதும். மெழுகுச் சிலைகளும் செந்தோசாவிலேயே இருக்கின்றன, அதனால் அதுவும் வேண்டாம்.

காசு கொடுத்துப் பார்க்க இரண்டே இடம் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை, திறந்தவுடன், டவர் ஆஃப் லண்டன். கோஹினூர் வைரம் அங்கேதான். கூட்டம் சேரும் முன் முதலில் நகைக்கூடத்துக்குப் போய்விடுங்கள். அப்புறம் வெளியே வந்து 15ஆம் எண் பேருந்தின் மாடியில், முன் இருக்கையில் உட்காருங்கள். செயின்ட் பால் தேவாலயத்தைத் தாண்டி டிரஃபால்கர் சதுக்கம்வரை அதுவே நகரத்தைச் சுற்றிக் காட்டிவிடும். சுற்றுலாப் பேருந்துக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டையைத் தட்டிவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபே. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும், எனவே திங்கள் வையுங்கள். உள்ளே ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது, உட்கார்ந்து யோசிக்கும் கோலத்தில் சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் அங்கே அவரை அடையாளம் கண்டுபிடிக்கட்டும், உங்கள் மகளுக்கு வரலாற்றுப் பாடமே கண்முன் நிற்கும்.

மற்றவை இலவசம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை முழுதாகப் பார்க்க முயலாதீர்கள். தெற்காசியக் கூடத்தில் சோழர் கால நடராசரும், பக்கத்தில் அமராவதித் தூபியின் சிற்பங்களும் இருக்கின்றன. அம்மாவை அங்கே ஒரு பெஞ்சில் உட்காரவிட்டு, பிள்ளைகளை எகிப்து மம்மிகளிடம் அழைத்துப் போங்கள். மகனுக்கு டைனோசர் எலும்புக்கூடுகளைக் காட்ட சவுத் கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ஒரு மாலையை அம்மாவுக்கென்றே வையுங்கள். ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் முருகன் கோயில் இருக்கிறது, தோசையும் தமிழ்ப் பேச்சும் தேக்காவை நினைவூட்டும். தங்குவதற்கு ஸ்டிராட்ஃபர்ட் பகுதியைப் பாருங்கள். நகர மையத்தைவிட அறை மலிவாகக் கிடைக்க வாய்ப்புண்டு, நடுவே செல்ல மூன்று ரயில் தடங்கள் இருக்கின்றன, ஈஸ்ட் ஹாமும் அருகில்.

சரி, இப்போது வெள்ளிக் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 1.75 வெள்ளி என்று வைத்துப் போட்டிருக்கிறேன். இவை என் மதிப்பீடு, முன்பதிவு செய்யும் நாளில் மாறலாம். விமானச்சீட்டு ஆளுக்கு 1,400 வீதம் 7,000 வெள்ளி. இரண்டு அறை, ஐந்து இரவு, அறைக்கு 150 பவுண்டு வீதம் 2,625 வெள்ளி. சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டு வீதம் ஆறு நாளைக்கு 1,312 வெள்ளி. காலை உணவைப் பேரங்காடியில் வாங்கி அறையிலேயே முடித்தால்தான் இந்த 25 போதும். உள்ளூர்ப் போக்குவரத்து 437, நுழைவுச்சீட்டு 402, விசா மற்றும் பயண அனுமதி 334, காப்புறுதி 300. கூட்டினால் 12,410 வெள்ளி. எதிர்பாராத செலவுக்கு 1,000 சேர்த்து 13,400 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் 8,000 இருக்கிறது. குறைவது 5,400. டிசம்பர் முதல் ஆகஸ்ட் வரை ஒன்பது மாதம், மாதம் 600 வெள்ளி. சம்பளம் வரும் அன்றே தனிக் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். 600 கனமாக இருந்தால் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் போட்டுச் சுமையைக் குறையுங்கள். ஏப்ரல் வாக்கில் விமானச்சீட்டு வாங்கும்போது கையில் இருப்பதே அதற்குப் போதும், கடன் அட்டையில் நிலுவை வைக்க வேண்டியிருக்காது.

அம்மாவின் சீட்டை மட்டும் வேறு மாதிரி வாங்க வேண்டும். உங்கள் நால்வருக்கும் மின்னணுப் பயண அனுமதி போதும், 2025 ஏப்ரலில் அது ஆளுக்கு 16 பவுண்டு ஆனது. அம்மாவுக்கு வருகையாளர் விசா வேண்டும், அதே மாதத்தில் அது 127 பவுண்டு ஆனது. இரண்டு கட்டணத்தையும் விண்ணப்பிக்கும் அன்று அரசாங்க இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். ஏப்ரலில் சீட்டு வாங்கும்போது விசா கையில் இருக்காது. அதனால் அவருடையதைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில், கூடுதல் காசு போனாலும் பரவாயில்லை என்று வாங்குங்கள். காப்புறுதியையும் சீட்டு வாங்கிய கையோடு எடுங்கள், பயணம் ரத்தானால் அப்போதுதான் பயன். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் சாதாரணப் பயணக் காப்புறுதி அதற்கு ஈடு தராது. ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்க்கும் திட்டங்கள் இங்கே விற்கின்றன, விலை கூடுதல்தான், அவருக்கு மட்டுமாவது அதை எடுங்கள்.

பவுண்டை ஒரே நாளில் வாங்காமல் பல நாணய அட்டையில் மூன்று நான்கு தடவையாக மாற்றி வையுங்கள். உங்கள் செலவில் 2,900 பவுண்டுக்கு மேல் இருக்கிறது. மதிப்பு 10 காசு ஏறினால் 290 வெள்ளி கூடுதலாகும், எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய 1,000 அதைத் தாங்கும். ரொக்கம் 100 பவுண்டு போதும், முஸ்தஃபா பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முதல் தடவை நான் அங்கே போனபோது ஒரு சாப்பாட்டுக் கடையில் பில் 112 பவுண்டு வந்தது. பணியாளர் நீட்டிய கருவியின் திரையில் சிங்கப்பூர் வெள்ளியில் ஒரு தொகை பெரிதாகவும், பவுண்டில் இன்னொன்று கீழேயும் இருந்தன. பழகிய நாணயம் என்று மேலே இருந்ததைத் தொட்டுவிட்டேன். அறைக்கு வந்து பார்த்தால் அன்றைய மாற்று விகிதத்தைவிடப் பத்து வெள்ளி அதிகம். எப்போதும் பவுண்டையே தொடுங்கள். ஒரு வாரம் முழுக்கத் தவறினால் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போய்விடும்.

போக்குவரத்தில் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. 11 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவரோடு சுரங்க ரயிலில் இலவசம். மகளுக்கு ஆய்ஸ்டர் அட்டை (லண்டன் போக்குவரத்து அட்டை) வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் வருகையாளர் சலுகையைப் பதியச் சொல்லுங்கள், பாதிக் கட்டணம். பெரியவர்கள் மூவரும் ஆளுக்கொரு வங்கி அட்டையைத் தட்டுங்கள், கடைசிவரை அதே அட்டையையே. மைய வட்டாரங்களுக்குள் ஒரு நாளைக்கு ஒன்பது பவுண்டை ஒட்டி ஒரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டி எடுக்காது. விமான நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட விரைவு ரயிலை விட்டுவிட்டு எலிசபெத் ரயில் தடத்தில் வாருங்கள், ஸ்டிராட்ஃபர்டுக்கே கொண்டுபோய் விடும்.

கடை வீதியில் பெரிதாக எதுவும் வாங்கும் எண்ணம் இருந்தால், 2021 முதல் அங்கே சுற்றுப்பயணிகளுக்குக் கட்டிய வரி திரும்பக் கிடைப்பதில்லை. திரும்பி வரும்போது ஆளுக்கு 500 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கட்ட வேண்டும். மின்செருகி மாற்றி வாங்க வேண்டாம், அங்கேயும் நம் வீட்டு மூன்று முனைச் செருகிதான்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் கடப்பிதழையும், நிரந்தரவாசிகளுக்கான மறுநுழைவு அனுமதியையும் எடுத்து, இரண்டும் அடுத்த செப்டம்பருக்கு அப்பாலும் செல்லுமா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அவற்றைப் புதுப்பியுங்கள். சீட்டு, ஹோட்டல் எல்லாம் அதற்குப் பிறகு.