தூண்டில் குண்டில் சுருக்கம் விழுவது ஏன்?

கேள்வி: டர்பன் கடற்கரையில் தூண்டில் போட, 6 அவுன்ஸ் ஈயக்குண்டுகளை அலுமினிய அச்சில் நானே வார்க்கிறேன். மேலெல்லாம் சுருக்கம், சிலவற்றில் மூலை நிரம்புவதில்லை. கார் சக்கர எடைகளைத்தான் உருக்குகிறேன். தவறு எங்கே?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் அச்சைப் பாருங்கள். அது ஆறியிருந்தால் ஈயம் ஓரத்தைத் தொட்டதுமே உறைந்து மடிப்பு விழும். அடுப்பருகே வைத்து நன்றாகச் சூடாக்குங்கள். முதல் நாலைந்து வார்ப்பு எப்படியும் கோணலாகத்தான் வரும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போடுங்கள். உட்புறத்தில் மெழுகுவர்த்திக் கரியை மெல்லியதாகப் பிடித்தால் ஈயம் தடையின்றி ஓடும். அப்படியும் மூலை நிரம்பாவிட்டால் காற்று வெளியேற வழியில்லை. அச்சின் இரு பாதியும் சேரும் முகத்தில், அந்த மூலையிலிருந்து வெளியே, ஊசியால் மெல்லிய கோடு கீறிவிடுங்கள்.

சக்கர எடைகளில் துத்தநாகமும் கலந்து வரும். ‘இசட்.என்’ என்று பொறித்தவற்றை ஒதுக்குங்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல். வெப்பத்தை 400-க்குள் வைத்தால் தப்பிவந்த துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்துவிடலாம். அது கரைந்துவிட்டால் உருகிய ஈயம் கஞ்சி போலக் கெட்டியாகி அச்சில் ஓடாது.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறோம்: கடலிலிருந்து வந்த பழைய குண்டை ஈரத்தோடு கொதிக்கும் ஈயத்தில் போடாதீர்கள். ஒரு சொட்டு நீர் ஆவியானாலே ஈயம் முகத்தில் தெறிக்கும். காலிச் சட்டியிலேயே போட்டு, ஈயத்தோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய செருப்பு அவசியம். வேலை வெளியில் நடக்கட்டும். அந்த இரும்புச் சட்டி சமையலறைக்குத் திரும்பக் கூடாது, பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம்.