19 நாள் குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து 19 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கிளினிக் மிஸ்ஸி (தாதி) மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். சம்பந்தி வீட்டாரோ, “குத்தியது போதும், உரை மருந்து கொடுத்தால் ஈரல் சுத்தமாகிவிடும்” என்கிறார்கள். என் பிள்ளைகளுக்கும் உரசிக் கொடுத்துத்தான் வளர்த்தேன். என்ன செய்வது டாக்டர்?
வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அம்மா, ரத்தம் எடுக்க விடுங்கள். உரை மருந்து வேண்டாம். பச்சைக் குழந்தையின் ஈரல் இன்னும் முதிரவில்லை என்பதுதான் இரண்டுக்கும் காரணம்.

வயிற்றில் இருந்தவரை குழந்தையின் கழிவை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ஈரல் கவனித்துக்கொண்டது. பிறந்தபின் அந்த வேலை முழுவதும் குழந்தையின் ஈரல் மேல் விழுகிறது. பெரியவர்களின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். பச்சைக் குழந்தையுடையது 70 முதல் 90 நாள்தான். அவை உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி நிறைய வருகிறது. அதைக் கரையக்கூடியதாக மாற்றும் என்சைம், பிறக்கும்போது பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவே வேலை செய்யும். அது முழுதாகத் தேற மூன்று மாதமாவது ஆகும்.

மாற்றிய நிறமியைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவது அடுத்த வேலை. பித்தநீரை ஓட வைப்பவை பித்த உப்புகள். கொழுப்பைக் கரைத்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடலில் சேர்ப்பவையும் அவைதான். பெரியவர்களுக்குச் சிறுகுடலின் கடைக்கோடி இவற்றை உறிஞ்சி ஈரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். குழந்தைக்கு அந்த உறிஞ்சலும் மந்தம், ரத்தத்திலிருந்து ஈரல் அவற்றை இழுத்துக்கொள்வதும் மந்தம். அதனால் கையிருப்பு குறைவு, ரத்தத்தில் தங்குவது அதிகம். கொழுப்பு எப்படிச் செரிக்கும் என்று பயப்படாதீர்கள். தாய்ப்பாலிலேயே அதற்கான லைபேஸ் என்ற என்சைம் இருக்கிறது. குடலில் பித்த உப்பு பட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும். மஞ்சளைக் காரணம் காட்டிப் பாலை நிறுத்தச் சொன்னால் மகள் கேட்க வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள் பெரும்பாலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தில்லாத மஞ்சள்தான். குழந்தை நன்றாகக் குடித்து எடை ஏறும். மஞ்சள் தானே இறங்கும். ஆனால் பித்தக்குழாய் அடைந்துபோன குழந்தையும் முதல் வாரங்களில் பார்க்க இப்படியேதான் இருக்கும். அதற்கு ஜப்பானிய அறுவை மருத்துவர் கசாய் வகுத்த அறுவை சிகிச்சை உண்டு. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் போகப் போக ஈரல் கெட்டிப்பட்டுவிடும். மிஸ்ஸி எடுக்கச் சொல்வது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை. மொத்த பிலிருபினோடு ‘டைரக்ட்’ அளவையும், அதாவது ஈரல் மாற்றி முடித்த பிலிருபினின் அளவையும், பார்த்தார்களா என்று கேட்டு வாங்குங்கள். ‘டைரக்ட்’ கூடியிருந்தால், காத்திருக்கச் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

அதுவரை பெம்பர்ஸைப் பாருங்கள். மலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், அல்லது சிறுநீர் துணியில் மஞ்சள் கறை போட்டால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது உரை மருந்து. அதில் உரசிக் கொடுக்கும் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு. அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். ஜாதிக்காயிலும் மூளையை மந்தமாக்கும் பொருள் இருக்கிறது. இவற்றையெல்லாம் உடைத்து வெளியேற்ற வேண்டியது இதே ஈரல்தான். பெரியவர் குடித்த கோப்பியின் காஃபீனில் பாதி சுமார் ஐந்து மணி நேரத்தில் வெளியேறிவிடும். பச்சைக் குழந்தைக்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். மருத்துவர்களே இதை உணராமல் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்து, குழந்தைகள் உடல் சாம்பல் பூத்து இறந்ததை 1959இல் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்தன. நிறமியை மாற்றும் அதே வகை என்சைம்தான் அந்த மருந்தையும் மாற்ற வேண்டும். கல்லில் இத்தனை உரசு என்றால் எத்தனை மில்லிகிராம்? யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள், சந்தோஷம். பெரும்பாலான குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். தாங்க முடியாத குழந்தை எது என்று முன்கூட்டியே தெரியாது என்பதுதான் என் கவலை.

பாராசிட்டமோலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் 38 டிகிரி காய்ச்சல் என்றால் சிரப் அல்ல, மருத்துவமனைதான். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற, சிவப்பணு உடையாமல் காக்கும் என்சைமைப் பார்த்திருப்பார்கள். குறைபாடு என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்கு உடுத்தவே கூடாது. காலை வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது.

குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, தொப்புளில் ரத்தம் கசிந்தாலோ, எந்த நேரமானாலும் செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.